நாசவேலைக்கு எந்த அகராதி?

தண்டவாளத்தின் மேல் கருங்கல் கிடந்தால் மறுநாள் தலைப்பு இப்படித்தான் வரும்: "நாசவேலையா? போலீஸார் விசாரணை." அந்தக் கேள்விக்குறியை எடுத்துவிட்டால் செய்தியே வேறு. கல் சரிவிலிருந்து உருண்டு வந்ததா, சிறுவர்கள் விளையாட்டாக வைத்ததா, ரயிலைக் கவிழ்க்கவே ஒருவன் வைத்ததா என்று தெரியாதவரை 'நாசவேலை' என்று அடித்துச் சொல்ல முடியாது. நோக்கம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 'சேதம்' என்பதற்குள் அது இல்லை. 'தடங்கல்' என்பதற்குள்ளும் இல்லை. 'முட்டுக்கட்டை'யில் இருக்கிறது, ஆனால் பாதிதான்.

வேண்டுமென்றே கெடுப்பதையும் தடுப்பதையும் குறிக்கும் சொற்கள் தமிழில் ஒரு கூடை தேறும். அகராதியை உரசிப் பார்க்க நல்ல உரைகல் இது. 'தடை', 'அழிவு' என்று பொருள் எழுதிவிட்டுப் போவது எளிது. எது தெரிந்து செய்தது, எது தானாக நேர்ந்தது, எது வெளிப்படை, எது முதுகுக்குப் பின்னால் என்று பிரித்துக் காட்டுவதில்தான் அகராதியின் தரம் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், அதனுடன் ஒரே தளத்தில் கிடைக்கும் பழைய தமிழ்–ஆங்கில அகராதிகளான வின்சுலோவும் ஃபப்ரீஷியஸும், க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி, கலைச்சொல் தொகுப்புகள், இயந்திர மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் இந்த ஒரு குடும்பத்துச் சொற்களை வைத்தே இங்கே பார்க்கலாம்.

முதலில் லெக்சிகன். 1924-இல் தொடங்கி 1936-க்குள் ஆறு தொகுதிகள், பிறகு ஒரு பிற்சேர்க்கை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் காசில்லாமல் தேடலாம். தலைச்சொல்லில் மட்டும் தேடுவது, பதிவு முழுக்கத் தேடுவது என்று இரண்டு வழி உண்டு. பலரும் முதல் வழியோடு நின்றுவிடுகிறார்கள். இந்த அகராதியின் உண்மையான பலம் இரண்டாவது வழியில் இருக்கிறது. பெரும்பாலான பதிவுகளில் ஆங்கிலப் பொருளும் தமிழ்ப் பொருளும் சேர்ந்தே இருப்பதால், ஆங்கிலத்தில் ஹிண்டரன்ஸ் (தடை), இம்பெடிமென்ட் (இடையூறு), ருயின் (அழிவு) என்று கொடுத்து முழுப்பதிவிலும் தேடினால் அந்தப் பொருள் வரும் தமிழ்ச் சொற்கள் வரிசையாக வந்து விழும். அதாவது தமிழ்–ஆங்கில அகராதியை ஆங்கிலம்–தமிழாகத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துகிறோம். இதற்கு நூறாண்டுக்கு முந்தைய ஆங்கிலம் கைகொடுக்கும். நாசவேலையைக் குறிக்கும் சபோடாஜ் போல அன்றைக்குப் புதிதாக இருந்த சொல்லைக் கொடுத்துப் பயனில்லை. அதை அதன் கூறுகளாக உடைத்து, 'கெடுத்தல்', 'தடுத்தல்', 'சதி' என்று தனித்தனியே தேட வேண்டும்.

தேடும்போது எங்கே சறுக்கும்? வினைச்சொல்லில். 'கெடுக்க', 'கெடுத்தான்' என்று தட்டினால் தலைச்சொல் கிடைக்காது. வினைகள் பகுதியும் ஒரு சிறு கோடும் ஈறுமாக, 'அழி-தல்', 'அழி-த்தல்' என்ற வடிவில் பதிவாகியிருக்கின்றன. பகுதியை மட்டும் கொடுத்து, அதில் தொடங்கும் எல்லாவற்றையும் எடுப்பதே வழி. ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட சொற்களுக்கு மேலே சிறிய எண் போட்டிருப்பார்கள். முதல் எண்ணோடு நிறுத்திவிட்டால் 'ஊறு' என்றதும் தண்ணீர் ஊறுவதைப் பார்த்துவிட்டு, தீங்கு என்ற பொருள் இல்லவே இல்லை என்று திரும்பிவிடுவோம். எல்லா எண்களையும் படிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் எழுத்துரு சார்ந்தது. 'கொ', 'கோ' போன்றவற்றின் உயிர்க்குறியை ஒருங்குறியில் (யூனிகோட்) ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடுபொறிக்கு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 'கௌ' என்பதை 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' வைத்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய சொல் கிடைக்கவில்லையென்றால், சொல்லே அகராதியில் இல்லை என்று முடிவுகட்டும் முன் ஒருமுறை கையால் தட்டிப் பாருங்கள்.

இந்த அகராதி நம் தலைப்புக்கு ஏன் முக்கியம் என்றால் அந்தத் தல், த்தல் வேறுபாட்டுக்காகத்தான். 'அழி-தல்' நான்காம் வகை வினை, செயப்படுபொருள் குன்றியது: தானாக அழிந்தது. 'அழி-த்தல்' பதினோராம் வகை, குன்றாதது: ஒருவர் அழித்தார். நடுவே ஒரே ஒரு தகர ஒற்று. தமிழில் குற்றமே அந்த ஒற்றில்தான் இருக்கிறது. கெட்டது–கெடுத்தது, சிதைந்தது–சிதைத்தது, குலைந்தது–குலைத்தது, கவிழ்ந்தது–கவிழ்த்தது, முறிந்தது–முறித்தது என்று இந்தக் குடும்பம் முழுக்க இரட்டைப் பிள்ளைகள். லெக்சிகன் இரண்டையும் தனித்தனிப் பதிவாகத் தந்து, எது எவ்வகை என்று குறித்தும் வைத்திருக்கிறது. இத்தனை கறாரைப் பல நவீனச் செயலிகளில் பார்க்க முடியவில்லை.

ஆனால் அங்கேயும் ஒரு எல்லை. 'அழித்தது' என்றால் செய்தவர் ஒருவர் உண்டு என்று மட்டுமே தெரியும். வேண்டுமென்று செய்தார் என்று தெரியாது. புயலும் அழிக்கும், பகைவனும் அழிப்பான். வேண்டுமென்றே, திட்டமிட்டு, உள்நோக்கத்தோடு என்று ஒரு சொல்லைக் கூட்ட வேண்டும், அல்லது துணைவினையிடம் வேலையைக் கொடுக்க வேண்டும். 'உடைத்தான்' என்பதைவிட 'உடைத்துப் போட்டான்' என்பதில் அலட்சியமோ வன்மமோ தொனிக்கிறது. 'கெடுத்துத் தொலைத்தான்' என்பதில் சொல்பவரின் எரிச்சலும் சேர்ந்துகொள்கிறது. தலைச்சொல் வரிசையில் மட்டும் தேடுகிறவருக்கு இவை எதுவும் அகப்படாது.

பெயர்ச்சொற்களிலும் கதை இதேதான். தொலைக்காட்சியில் படம் நின்றுபோனால் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று அட்டை போடுவார்கள். "முட்டுக்கட்டைக்கு வருந்துகிறோம்" என்று போட்டால் சிரிப்பார்கள். தடங்கலுக்கு ஆள் கிடையாது. அது ஏற்படும், நேரும். இடையூறு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஏற்படவும் செய்யும், ஒருவர் செய்யவும் செய்வார். குறள் 676-இல் செயலின் முடிவையும் பயனையும் எடைபோடும்போது இடையூறையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இந்த ஆளில்லாப் பொருளில்தான். குந்தகம் பெரும்பாலும் 'விளைவி' என்ற வினையைத்தான் துணைக்கு அழைக்கும், அதுவும் அமைதிக்கோ நலனுக்கோ. ஒருவரின் கைக்கடிகாரத்துக்கு யாரும் குந்தகம் விளைவிப்பதில்லை. ஆக, சொல்லைத் தேர்ந்தெடுக்கும் சோதனை எளிது: 'ஏற்பட்டது' என்று சேர்த்துப் பாருங்கள், பிறகு 'போட்டார்', 'வைத்தார்', 'விளைவித்தார்' என்று சேர்த்துப் பாருங்கள். எது ஒட்டுகிறதோ அதைக் கொண்டு அந்தச் சொல்லில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

'முட்டுக்கட்டை'யைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். முட்டு என்றால் தாங்கல். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பார்கள். ஓடும் தேரின் சக்கரத்தடியில் கட்டையைச் செருகி வேகத்தைக் குறைப்பதும், மூலையில் தேரைத் திருப்புவதும், நிலைக்கு வந்ததும் நிறுத்துவதும் இந்தக் கட்டையால்தான். கட்டை போடுகிறவர் இல்லாமல் தேர் ஓடாது, ஓடினால் நிற்காது. காரியத்துக்கு இன்றியமையாத இந்தக் கருவி, பேச்சில் வந்ததும் காரியத்தைக் கெடுக்கிற வேலைக்குப் பெயராகிவிட்டது. இப்போது இணையத்தில் ஒருவர் செய்த தப்புக்கு வக்காலத்து வாங்கினால் 'முட்டுக் கொடுக்கிறார்' என்கிறார்கள். ஒரே முட்டு: 'கொடுத்தால்' ஆதரவு, 'கட்டை போட்டால்' எதிர்ப்பு. லெக்சிகனில் தாங்கலும் தடையும் கிடைக்கும். எந்த வினையோடு சேர்ந்தால் எந்தப் பக்கம் சாயும் என்பதை வாசகர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். இணையப் பேச்சின் புதுப் பொருளை 1930-களின் நூலில் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. 'ஆப்பு' என்ற சொல்லுக்கும் இதே நிலை. மரம் பிளக்கும் ஆப்பு வேறு, ஒருவருக்கு வைக்கிற ஆப்பு வேறு.

லெக்சிகனைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்காமல் விடுகிற இன்னொன்று பிறை அடைப்புக்குள் இருக்கும் மேற்கோள் குறிப்பு. பொருளுக்குப் பின்னால் ஓர் இலக்கிய வரி இருந்தால் அந்தச் சொல் வாழ்ந்திருக்கிறது. வெறுமனே 'பிங்.', 'திவா.', 'சூடா.' என்று பிங்கலம், திவாகரம், சூடாமணி போன்ற நிகண்டின் பெயர்ச் சுருக்கம் மட்டும் இருந்தால், அது பட்டியலில் மட்டும் பார்த்த சொல். இன்றைய கட்டுரையில் எடுத்துப் போட்டால் வாசகர் விழிப்பார். நிகண்டுகள் ஒருபொருட் பன்மொழியை மனப்பாடத்துக்காகக் கோத்து வைத்தவை. நுண்ணிய வேறுபாடு காட்டுவது அவற்றின் நோக்கமே இல்லை. அதனால் நிகண்டுச் சான்று மட்டும் உள்ள தடைச் சொல்லை மரபுக்கவிதை எழுதுகிறவருக்கு விட்டுவிடலாம். யாழ்ப்பாண வழக்கு, திருநெல்வேலி வழக்கு என்ற வட்டாரக் குறிகளும் அங்கங்கே உண்டு. ஒரு சொல்லை ஊர்ப்பேச்சில் வைக்கப்போகிறவர் அவற்றைத் தாண்டிப் போகக் கூடாது.

வின்சுலோவும் (1862) ஃபப்ரீஷியஸும் அதே சிகாகோ தளத்தில் இருக்கின்றன. இவற்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஃபப்ரீஷியஸில் கூட்டுச்சொற்களும் தொடர்களும் வேர்ச்சொல்லின் கீழேயே தொகுத்துத் தரப்பட்டிருக்கும். ஒரு வினையோடு எந்தெந்தப் பெயர்கள் சேரும் என்று ஒரே பார்வையில் தெரிவது வசதி. லெக்சிகனில் ஐயம் வந்தால் இரண்டாம் கருத்துக்கு இங்கே வரலாம். இன்றைய பொருளுக்கு நம்ப வேண்டாம்.

க்ரியாவின் அகராதி வேறு இனம். 1992-இல் வந்தது, 2008-இல் விரிவாக்கிய பதிப்பு, 2020-இல் மூன்றாம் பதிப்பு. பெயரில் உள்ளபடி தற்கால எழுத்துத் தமிழை எடுத்துக்கொண்டு, தமிழில் விளக்கம், ஆங்கிலப் பொருள், பெரும்பாலான இடங்களில் எடுத்துக்காட்டு வாக்கியம் என்று தருகிறது. நம் சோதனைக்கு அந்த வாக்கியம்தான் உயிர். ஒரு சொல் எந்த வினையோடு வரும், ஆளுக்கு வருமா பொருளுக்கு வருமா என்பதை விளக்கம் சொல்லாவிட்டாலும் வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடும். துணைவினைகளைத் தனியாக எடுத்து விளக்குவது இதன் பெரும் பேறு. மேலே சொன்ன 'போடு', 'தொலை' வகையறாவுக்கு இங்கேதான் வர வேண்டும். இலங்கைத் தமிழ் வழக்குகளும் குறியோடு உள்ளன.

குறை என்ன? ஆங்கிலச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு தமிழுக்கு வழி தேடுகிறவருக்கு இது உதவாது. அது இதன் வேலையும் அல்ல. தமிழ்ச் சொல் முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஒத்த சொற்களை அருகருகே நிறுத்தி, இதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று சொல்லும் குறிப்பும் வேண்டியிருக்கிறது. இடையூறு, இடைஞ்சல், தடங்கல், குறுக்கீடு நான்கையும் நான்கு பக்கங்களில் விரலை வைத்துப் புரட்டி நாமே ஒப்பிட வேண்டும். அச்சு நூலைப் புரட்டும் அந்த வேலையில் ஒரு சுகமும் உண்டு என்பது வேறு விஷயம்.

கலைச்சொல் தொகுப்புகளும் தமிழ் விக்சனரியும் ஆங்கிலத்திலிருந்து உடனே ஒரு சொல் வேண்டும் என்கிற அவசரக்காரர்களுக்கானவை. விக்சனரியில் தானியங்கி வழியாக ஏற்றிய கலைச்சொற்கள் ஏராளம். துறையின் பெயர் ஒன்று, அதற்கு நேராகத் தமிழ்ச் சொல் ஒன்று என்று முடிந்துவிடும். துறைக்குள்ளேயே இருக்கிறவருக்கு அது போதும். பொதுவாக எழுதுகிறவருக்கு ஆபத்து. தடுப்பது என்ற ஒரே கருத்து குழாயில் அடைப்பு, குடலிலும் அடைப்பு, சாலையில் மறியல், நடைபாதையில் ஆக்கிரமிப்பு, சட்டமன்றத்தில் அமளி, கோப்பில் இழுத்தடிப்பு, வானொலி அலையில் குறுக்கீடு. மருத்துவத் தொகுப்பிலிருந்து 'அடைப்பு' என்பதை எடுத்து அரசியல் கட்டுரையில் போட்டால் அமைச்சருக்கு இதய நோய் வந்தது போலாகும். துறைப் பெயரைப் பார்க்காமல் சொல்லை எடுக்கக் கூடாது என்பது இங்கே ஒன்றாம் விதி.

சட்டச் சொல்லில் இது இன்னும் மோசமாகப் போகும். ஆங்கிலத்தில் மிஸ்சீஃப் என்பது பேச்சில் குறும்பு. சட்டத்தில் அது கெடுக்கும் நோக்கத்தோடோ, கெடும் என்று தெரிந்தோ பிறர் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 425-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 324. பேருந்துக் கண்ணாடியை நொறுக்கியவர் மீது 'குறும்பு செய்ததாக வழக்கு' என்று இயந்திரம் எழுதிக் கொடுத்தால் அது இயந்திரத்தின் பிழை மட்டுமில்லை. அதற்குக் கிடைத்த அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்திருக்கும். 'சொத்துக்குச் சேதம் விளைவித்தல்' என்று விரித்து எழுதிவிடுவதே பாதுகாப்பு. 1992-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பேசும்போதும் 'பொதுச் சொத்துக்குச் சேதம்' என்றுதான் நாளிதழ்கள் எழுதுகின்றன. சேதத்துக்குள் இல்லாத ஆளை 'விளைவித்தல்' என்ற வினை சேர்த்துக்கொடுக்கிறது.

எல்லாக் கருவிகளும் சேர்ந்து வழுக்குகிற இடம் சபோடாஜ்தான். பிரெஞ்சில் சபோ என்றால் மரக்கட்டைச் செருப்பு. தொழிலாளிகள் செருப்பைக் கழற்றி இயந்திரத்துக்குள் எறிந்தார்கள், அதிலிருந்து சொல் வந்தது என்ற கதை சுவையானது, ஆதாரம் கிடையாது. அந்த வினைக்கு முந்தைய பொருள் கட்டைச் செருப்போடு தடதடவென்று நடப்பது, அதிலிருந்து வேலையை அரைகுறையாகச் செய்வது. 1897-இல் துலூஸ் நகரில் கூடிய பிரெஞ்சுத் தொழிற்சங்க மாநாட்டில் இதைப் போராட்ட முறையாக முன்வைத்தபோதும் மோசமான கூலிக்கு மோசமான வேலை என்பதே அடிப்படை. வெடிகுண்டு பிறகு வந்தது. தமிழில் நாம் பிடித்துக்கொண்ட 'நாசவேலை' அந்த வெடிகுண்டு முனைக்கு மட்டும் பொருந்துகிறது. வேலையை மெதுவாக்குவது, விதிப்படி மட்டும் வேலை செய்து எல்லாவற்றையும் நிறுத்துவது, கூட்டத்தைத் தேவையில்லாத விவாதத்தால் இழுத்தடிப்பது ஆகியவற்றை நாசவேலை என்றால் கனம் தாங்காது.

இந்த மென்மையான முனைக்குத் தமிழில் சொல் பஞ்சம் என்று நினைத்தால் தவறு. தேர்தலில் சொந்தக் கட்சி வேட்பாளரைத் தோற்கடிக்க உள்ளே இருந்துகொண்டே செய்வது 'உள்ளடி வேலை'. அலுவலகத்திலும் படப்பிடிப்பிலும் அதே வேலைக்கு 'உள்குத்து'. கூட இருந்தவர் கடைசி நேரத்தில் கைவிட்டுக் கவிழ்த்தால் 'காலை வாரினார்'. நீண்ட நாள் திட்டமிட்டு ஒருவருக்கு வீழ்ச்சியை ஏற்பாடு செய்தால் 'குழி பறித்தார்'. பிழைப்பையே கெடுத்தால் 'சோற்றில் மண் அள்ளிப் போட்டார்'. ஒரு நிறுவனத்தின் அடித்தளத்துக்கே ஆபத்து வைத்தால் 'உலை வைத்தார்', 'வேட்டு வைத்தார்'. கவனியுங்கள், முதல் இரண்டைத் தவிர மற்ற எல்லாமே வினையில் முடிகின்றன. செய்தது யார் என்று சொல்லாமல் இவற்றில் ஒன்றைக்கூட முழு வாக்கியமாக்க முடியாது. நோக்கத்தையும் உறவையும் இவ்வளவு நுட்பமாக வைத்திருக்கும் தொடர்களுக்குத்தான் அகராதிகளில் இடம் மிகக் குறைவு. அப்படி இடம்பெற்றிருந்தாலும் 'காலை' என்பதன் கீழா, 'வாரு' என்பதன் கீழா என்று இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

இயந்திர மொழிபெயர்ப்பு பெரும்பாலும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கதவையும் அதனாலேயே தட்டும். பேச்சுவார்த்தையைக் குலைத்தாலும் 'நாசப்படுத்தினார்', பாலத்தைத் தகர்த்தாலும் 'நாசப்படுத்தினார்'. ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினையை அப்படியே 'தடுக்கப்பட்டது', 'சேதப்படுத்தப்பட்டது' என்று இறக்குவது இன்னொரு பழக்கம். வேர் பிடித்து நிற்கும் 'தடைபட்டது', 'சேதமடைந்தது' இருக்கும்போது அந்தச் செயப்பாட்டு வினை தேவையில்லை. அதே சமயம் ஆள் உண்டு, பெயர் தெரியாது என்ற நிலையில் 'சேதப்படுத்தப்பட்டது' என்பதே சரியான சொல். இந்த வேறுபாட்டை இயந்திரத்திடம் விட முடியாது. வரைவு எடுக்கலாம், பெயர்ச்சொல்லை எடுக்கலாம், வினையை நாமே மாற்ற வேண்டும்.

செய்தி எழுதுகிறவருக்குக் க்ரியா மேசையில் இருக்கட்டும். நோக்கம் உறுதியாகாத வரை 'ஏற்பட்டது' பக்கத்துச் சொற்களோடு நிற்கலாம். மொழிபெயர்ப்பாளர் லெக்சிகனில் ஆங்கிலத்தைக் கொடுத்து முழுப்பதிவுத் தேடலில் தொடங்கி, கிடைத்த சொற்களில் நிகண்டுச் சான்று மட்டும் உள்ளவற்றைக் கழித்து, மிச்சத்தைக் க்ரியாவின் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு ஒப்பிட்டுவிட்டு, துறைச்சொல் என்றால் மட்டும் கலைச்சொல் தொகுப்புக்குப் போகலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் முதலில் கண்ணில் படும் சொல்லே மண்டையில் ஒட்டிக்கொள்ளும். கதை எழுதுகிறவருக்கு லெக்சிகனின் வட்டாரக் குறிகளும் ஃபப்ரீஷியஸின் தொடர்களும் போதும். உள்ளடிக்கும் உள்குத்துக்கும் அகராதி தேட வேண்டியதில்லை. கட்சி அலுவலக வாசலில் தேநீர் குடிக்கிறவர்களின் பேச்சைக் கேட்டாலே அவை எந்த வினையோடு வருகின்றன என்று தெரிந்துவிடும்: உள்ளடி வேலையைப் 'பார்க்கிறார்கள்', உள்குத்தை 'வைக்கிறார்கள்'.